ஏழாவது பெஞ்சில் நடைப்பயிற்சி

“இவர் நாள்தோறும் அதிகாலையில் பூங்காவை ஒன்பது முறை சுற்றி வருபவர். ஓரிடத்தில் நிலைகொள்ளாத சுறுசுறுப்பே இவரது அடையாளம். பருந்துக்கு நிகரான கூரிய பார்வையால் பறவைகளைக் கண்டறிந்து மகிழ்பவர். இளைய தலைமுறைக்கு இவரது கால்களே வழிகாட்டி.” நகரப் பூங்கா நடைப்பயிற்சியாளர் சங்கம், ஆண்டின் சிறந்த நடையாளருக்குக் கொடுத்த சான்றிதழில் இப்படி அச்சாகியிருந்தது. கீழே தலைவரின் கையெழுத்து. அதன்மேல் சங்கத்தின் முத்திரை. முத்திரையில் ஓடுகிற ஒரு கால்.

சான்றிதழைப் பெற்ற அம்மையாருக்கு வயது ஐம்பத்தொன்பது. வலது முழங்காலில் தேய்மானம். இடது முழங்காலில் அதைவிடக் கொஞ்சம் குறைவான தேய்மானம். கண்ணாடியைக் கழற்றினால் எது பருந்து, எது பட்டம் என்று சொல்ல மாட்டார். போட்டுக்கொண்டால் யோசித்துச் சொல்வார். முப்பத்தொரு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் நாற்காலியை மூன்று முறை மாற்றினார்கள். அவரை மாற்றவில்லை.

வேலை, ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் போர்டில். கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. வெளியிலிருந்து வருகிற அழைப்பை உள்ளே இருக்கும் நானூறு இணைப்புகளில் சரியானதற்குக் கொடுக்க வேண்டும். அதனால் மருத்துவமனை முழுவதும் அவருக்குப் பெயர் போர்டம்மா. தலைமை மருத்துவர் வராந்தாவில் எதிரே வந்தால், போர்டம்மா யாரோ நோயாளியின் மாமா என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார். அதே ஆள் போனில் தொண்டையைச் செருமினால் போதும், எந்த அறையில் இருக்கிறார், சாப்பிட்டாரா, யாருடன் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதுவரை சொல்வார். “கிளம்பிட்டேன், வழியில இருக்கேன்” என்று ஒரு டாக்டர் வீட்டிலிருந்து சொல்வார். பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். போர்டம்மா வார்டுக்குப் போட்டு, “டாக்டர் இன்னும் குளிக்கல. முக்கால் மணி நேரம் வெச்சுக்கோங்க” என்பார். முக்கால் மணி நேரம்தான் ஆகும்.

ஒவ்வொரு அழைப்பையும் நோட்டில் எழுதி வைப்பது போர்டின் வழக்கம்: மணி, எங்கிருந்து, யார் குரல், பதில் கிடைத்ததா இல்லையா. யார் வந்து பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடமும் எழுதினார்.

வேலை ஓய்ந்து வீட்டுக்கு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. கணவர் நில அளவைத் துறையில் சர்வேயர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் பாக்கி. சர்வேயருக்கு உலகத்தில் இரண்டு விதமான பொருள்கள்தான் உண்டு: அளந்தவை, அளக்க வேண்டியவை. பேச்சு இந்த இரண்டிலும் சேராது என்பதால் அவர் அதிகம் பேசுவதில்லை. மூன்றாம் மாதம் போர்டம்மாவின் முழங்கால் பேச ஆரம்பித்தது. இருவரும் மூட்டு டாக்டரிடம் போனார்கள்.

“தினம் நடக்கணும்மா” என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

போர்டம்மா நிமிர்ந்து பார்த்தார். “டாக்டர், நீங்க நாலு ஒண்ணு ரெண்டுதானே?”

இருபது வருடமாக அந்த எண் இணைப்பில் இருவரும் நாளைக்கு நாலு தடவையாவது பேசியிருந்தார்கள். டாக்டரும் அப்போதுதான் நிமிர்ந்தார். “நம்ம போர்டம்மாவா? குரலை வெச்சு உங்களுக்கு முப்பது வயசுன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்.”

“நான் உங்களை இன்னும் கொஞ்சம் உயரமா நினைச்சேன்.”

பழைய நட்பு இப்படிப் புதுப்பிக்கப்பட்ட பிறகும் மருந்து மாறவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். சர்வேயர் அதை அளக்கச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். மறுநாளே ஒரு ரப்பர் பட்டை வாங்கி வந்து மனைவியின் மணிக்கட்டில் மாட்டினார். எத்தனை காலடி, இதயம் எத்தனை துடிப்பு என்பதெல்லாம் அவருடைய போனில் வந்து விழும். நடைப்பயிற்சியின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில், நாலு தெரு தள்ளியிருந்த பூங்காவுக்கு மனைவியைத் தினம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

அந்தப் பூங்காவின் மதிலோரமாகத்தான் போர்டம்மா முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் போய் வந்தார். உள்ளே ஏதோ அரசாங்க ஆபீஸ் இருப்பதாக நினைத்திருந்தார். இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, நல்ல ஆபீஸ் என்று மரியாதையும் வைத்திருந்தார். இப்போது காலை ஆறு மணிக்கு உள்ளே போனால், ஊரில் பாதிப்பேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவசரமாகப் போனார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்கள். இதில் என்ன அவசரம் என்று அவருக்குப் புரியவில்லை. முழங்காலுக்கும் புரியவில்லை. வாசலில் இருந்து எண்ணி ஏழாவது பெஞ்சில் அது அவரை உட்கார வைத்துவிட்டது.

ஏழாவது பெஞ்சு பூங்காவின் பின் மூலையில் இருந்தது. அங்கே நடைபாதை ஒரு புதரைச் சுற்றி வளைந்து போகும். பழைய மோட்டார் அறை ஒன்று, அதன் கூரையை அழுத்திக்கொண்டு மூங்கில், அதற்குப் பின்னால் பெயர் தெரியாத மரங்கள், எல்லாவற்றின் மேலும் கொடி. தோட்டக்காரர் அந்தப் பக்கம் போவதில்லை. கேட்டால் பாம்பு என்பார். பாம்பை யாரும் பார்த்ததில்லை, ஆனால் தோட்டக்காரரை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை என்பது உறுதி.

போர்டம்மா உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்த அரை நிமிடத்தில்தான் அது கேட்டது. மூங்கிலுக்குள் இருந்து ஒருவர் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்து இன்னொருவர் பதில் சொன்னார். நடுவில் மூன்றாவது ஆள் மூக்கை நுழைத்தார். மேலே ஒருவர் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார், யாரும் எடுக்கவில்லை. எல்லா லைனும் பிஸி. போர்டம்மாவின் வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு பட்டனை அழுத்தப் போய், மடியில் இறங்கியது. அவர் கண்ணாடியைத் திரும்பப் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே, பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் சர்வேயர் போனைப் பார்த்தார். “இருநூத்தி முப்பத்தாறா?”

“என்னங்க?”

“இருநூத்தி முப்பத்தாறு காலடி. ஒன்றரை மணி நேரத்துல. நம்ம ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நாலு தடவை போய் வந்தாலே இது ஆகும்.”

“முதல் நாள்தானே.”

“முதல் நாள்னா மூவாயிரம். நாளைக்கு நாலு. நான் சும்மா சொல்லல, ஒரு அட்டவணை போட்டிருக்கேன்.”

அட்டவணை போட்டால் போட்டதுதான். ஒரு வேலி அரை அடி தள்ளியிருந்ததற்காக, சொந்தத் தம்பியோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்த மனிதர் அவர். மறுநாள் போர்டம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். நடந்தால் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் காதுக்குள் தன் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஏழாவது பெஞ்சில் வந்து விழுந்தபோது, “நடுவழியில நிக்காதீங்க, முன்னாடி போங்க, முன்னாடி போங்க” என்று ஒரு குரல் பின்னாலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

அது கண்டக்டரம்மா. ஓடுகிற பஸ்ஸுக்குள் முப்பது வருடம் நடந்தே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து பார்த்தார்; தலை சுற்றியது. அதிலிருந்து தினம் ஒன்பது சுற்று. யாரும் அவரை நடக்கச் சொல்லவில்லை, யாரும் அளக்கவும் இல்லை.

“என்னக்கா, பட்டை எல்லாம் கட்டிட்டு உக்காந்துட்டீங்க?”

“இது காலடி எண்ணுமாம். நாலாயிரம் வேணும்.”

“எனக்கு ஒன்பது சுத்துக்கு எவ்வளவு வருமோ, தெரியாது. குடுங்க பாப்போம்.”

வெறும் ஆர்வத்தில் கேட்டதுதான். பட்டை கை மாறியது. ஏழே காலுக்குத் திரும்பி வந்தபோது அதில் பத்தாயிரத்து இருநூறு இருந்தது. அன்று சாயங்காலம் சர்வேயர் அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். மனைவிக்கு அவரே காபி கலந்தார். முப்பத்திரண்டு வருட மணவாழ்க்கையில் அது இரண்டாவது முறை; முதல் முறை மனைவிக்குக் காய்ச்சல் என்று தப்பாக நினைத்து. போர்டம்மா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். காபி நன்றாக இருந்தது. மூடிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் அதே ஏற்பாடு, சாயங்காலம் அதே காபி. ஆறு மணிக்குப் பட்டை கண்டக்டரம்மாவின் கைக்குப் போகும். ஏழே காலுக்குத் திரும்பி வரும். “எனக்கென்னக்கா, இது என்ன மூட்டையா” என்பார் அவர். மாதம் ஒருமுறை மூட்டு டாக்டர் போனில் இருந்த வரைபடத்தைப் பார்த்து வியந்தார். “முழங்கால் அப்படியேதான் இருக்கு. ஆனா இதயம் இருக்கு பாருங்க, இருபத்தஞ்சு வயசுக்காரி இதயம்.” அடுத்த நாள் போர்டம்மா இதைச் சம்பந்தப்பட்டவரிடம் சேர்ப்பித்தார். கண்டக்டரம்மா அன்று பத்தாவது சுற்றும் போனார்.

ஏழாவது பெஞ்சிலும் வேலை நடந்தது. போர்டம்மா ஒரு புது நோட்டு வாங்கியிருந்தார். மணி, எங்கிருந்து, யார் குரல், பதில் கிடைத்ததா. பெயர் தெரியாததால் முதலில் அடையாளம்தான் எழுதினார்: “விடாமல் கேட்பவர்”, “தட்டுகிறவர்”, “கூட்டமாக வந்து சண்டை போடும் ஏழு பேர்”. பெயர் கொடுத்தவர் கேமராக்காரர். முழங்கை நீளக் குழாய் வைத்த கேமராவோடு பூங்காவில் திரிகிற, கூச்ச சுபாவமுள்ள ஒரு மனிதர். பகலில் எங்கோ பிரிண்டர் ரிப்பேர் செய்கிறார். போர்டம்மா குரலை நடித்துக் காட்டுவார்; அவர் பெயர் சொல்வார். விடாமல் கேட்பவர் குயில். தட்டுகிறவர் மரங்கொத்தி. சண்டைக்காரர்கள் தவிட்டுக்குருவிகள். “சட்டுனு உச்சியில ரெண்டு தடவை கத்தி நிறுத்துவாரு, இப்படி” என்று போர்டம்மா கத்திக் காட்ட, நடந்துகொண்டிருந்த நாலு பேர் நின்று பார்த்தார்கள். “வல்லூறு” என்றார் கேமராக்காரர், ஆச்சரியத்தோடு. “அது இங்க வருதா? நான் பாத்ததே இல்ல.” பார்ப்பது தன் வேலை இல்லை என்பதால் போர்டம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து மாதத்தில் நோட்டில் இருபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவரைக்கூட அவர் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் சங்கத்தில் சிறந்த நடையாளர் போட்டி அறிவித்தார்கள். விண்ணப்பத்தை மனைவிக்குத் தெரியாமல் நிரப்பி, ஐந்து மாத வரைபடத்தையும் இணைத்து அனுப்பியவர் சர்வேயர். பொழுதுபோக்கு என்ற இடத்தில் “பறவைகள்” என்று எழுதினார். மீதியைச் சங்கத்தின் தலைவர் தன் கற்பனையில் எழுதினார். தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கூட்டத்தில் சான்றிதழை வாசித்தபோது போர்டம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்டக்டரம்மா கடைசி வரிசையில் நின்றுகொண்டு பலமாகக் கைதட்டினார். அவருக்கு இது நல்ல வேடிக்கை.

கைதட்டல் அடங்கியதும் டைல்ஸ்காரர் அடுத்த விஷயத்துக்கு வந்தார். நடைபாதை முழுக்க டைல்ஸ் போட வேண்டும். அந்த யோசனை டைல்ஸ்காரருக்கு எப்படித் தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை.

“இந்தப் பின் மூலையில பாதை வளைஞ்சு போகுது பாருங்க. அந்தப் புதரை எடுத்துட்டா நேரா போடலாம். நம்ம அம்மா மாதிரி பத்தாயிரம் நடக்கிறவங்க தினம் ஒன்பது தடவை அந்த வளைவுல திரும்பறாங்க. முழங்கால் என்னத்துக்கு ஆகும்? அம்மாவுக்காகவே இதைச் செய்யணும்.”

மறுபடி கைதட்டல். சர்வேயர்கூடத் தட்டினார். வளைவு என்றால் அவருக்கும் ஆகாது.

பத்து நாளில், ஒரு சனிக்கிழமை, மாநகராட்சியிலிருந்து பூங்கா அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று முடிவானது. அதிகாரி முன்னால் பேச வேண்டியவர் சிறந்த நடையாளர்.

போர்டம்மாவுக்கு முதல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூங்கில் போனால் குரல்கள் போய்விடும். குரல்கள் போனால் வேலை ஓய்ந்து வந்த வீட்டைவிட மோசமான ஓர் அமைதியில் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். அதைத் தடுக்க ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தை முதலில் கேட்கப் போகிறவர் சர்வேயர். அரை அடிக்கு இரண்டு வருடம் என்றால் ஐந்து மாதப் பத்தாயிரங்களுக்கு எத்தனை வருடம் என்று போர்டம்மா மனதுக்குள் போட்டுப் பார்த்தார். வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தார். இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனார்.

“இருபத்துமூணு விதப் பறவை இருக்குங்க அந்தப் புதர்ல. எல்லாம் இதுல இருக்கு, தேதி நேரத்தோட.”

டைல்ஸ்காரர் நோட்டைப் புரட்டினார். “இருபத்துமூணா? ஒரு புதர்லயா? அம்மா, நான் உங்களை நம்பறேன். ஆனா அதிகாரி கேப்பாங்கல்ல. நம்ம கேமராக்காரர் பாத்துச் சரின்னு கையெழுத்துப் போடட்டும், நானே விட்டுடறேன்.”

நியாயமான பேச்சு. மறுநாள் காலை ஏழாவது பெஞ்சில் போர்டம்மா, பக்கத்தில் கேமராக்காரர், கொஞ்சம் தள்ளி டைல்ஸ்காரர். போர்டம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“மூங்கிலுக்கு இடது பக்கம். மாங்குயில்.”

கேமராக்காரர் குழாயைத் திருப்பினார். “கரிச்சான்” என்றார். “வால்ல ரெண்டு துடுப்பு தொங்கும், அந்தக் கரிச்சான்.”

“கரிச்சான் என் லிஸ்ட்ல பதினாறாவது. இது வேற. இப்ப பாருங்க, இருபதாவது, சீட்டி அடிக்கிறவரு.”

“கரிச்சான்.”

“பூனை மாதிரி கத்தறவரு.”

“கரிச்சான்தாம்மா. அதே கிளை. நகரவே இல்ல. வாயை மட்டும்தான் திறந்து மூடுது.”

வல்லூறு இரண்டு தடவை கத்தியது. கேமராக்காரர் குழாயை இறக்கிவிட்டுத் தயங்கினார். “அதுவும்.”

“நீங்கதானே வல்லூறுன்னு சொன்னீங்க?”

“நீங்க அப்படித்தானேம்மா கத்துனீங்க.”

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். கரிச்சான் வல்லூறைப் போலக் கத்தியது; போர்டம்மா கரிச்சானைப் போலக் கத்தினார்; கேமராக்காரர் போர்டம்மாவுக்குப் பெயர் வைத்தார். எந்தக் கட்டத்திலும் யாரும் வேலையில் தவறவில்லை. ஒரு குரலுக்கு ஒரு ஆள் என்பது போர்டின் சட்டம். கண்ணால் பார்த்திருந்தால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

போர்டம்மா மேலும் பத்து நிமிடம் கேட்டார். இப்போது தெரிந்துகொண்டு கேட்டதால் பிடிபட்டது: நாலு குரலுக்கும் முன்னால் ஒரே மாதிரி, உலோகத்தைச் சுண்டினது போல் ஒரு சின்னச் செருமல். ஐந்து மாதம் அதைத் தவற விட்டிருக்கிறார். பேனாவை எடுத்து நாலு வரியைத் தானே அடித்தார். பத்தொன்பது.

“பாத்தீங்களா” என்றார் டைல்ஸ்காரர், வருத்தத்தோடு. அந்த வருத்தம் அவருக்கு நன்றாக வந்தது. “நாலு இல்லைன்னா மத்ததை மட்டும் அதிகாரி எப்படி நம்புவாங்க?”

நோட்டின் கதை அதோடு முடிந்தது. போர்டம்மாவுக்கு அந்தக் கரிச்சான் மேல் இரண்டு நாள் தீராத கோபம். ஊரான் குரலை வாங்கிப் பேசிப் பேர் வாங்குகிறதே, இது ஒரு பிழைப்பா என்று கண்டக்டரம்மாவிடம் பொரிந்து தள்ளினார். கண்டக்டரம்மா பட்டைக்காகக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு போர்டம்மா அந்தப் பறவையைக் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. கையில் படிவம், தோளில் பை, முகத்தில் இன்னும் மூன்று பூங்கா பாக்கி இருக்கிற அவசரம். டைல்ஸ்காரர் வளைவைக் காட்டினார். சர்வேயர், மனைவியின் ஐந்து மாத வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் கொண்டு வந்திருந்தார். கேமராக்காரர் தொண்டையைக் கனைத்து, “மேடம், பத்தொன்பது விதப் பறவை” என்று தொடங்கினார்.

“பறவைக்கு இதுல கட்டம் இல்ல சார்” என்றார் அதிகாரி. கேலி இல்லை, படிவத்தைத் திருப்பியே காட்டினார். “ஜனங்க தொடர்ந்து பயன்படுத்தற இடம்னா ஓய்விடம்னு போடுவேன். அதுமேல பாதை போட முடியாது. யாரும் பயன்படுத்தலைன்னா காலி இடம். காலி இடத்துல என்ன வேணா போடலாம். இந்த மூலைய யாராவது பயன்படுத்தறாங்களா?”

“யாரு மேடம் பயன்படுத்துவா, பாம்பு இருக்குன்னு தோட்டக்காரரே போறதில்ல” என்றார் டைல்ஸ்காரர். “எல்லாரும் கடந்து போறதுதான். நம்ம அம்மாவே சொல்வாங்க. தினம் ஒன்பது தடவை கடக்கிறாங்க.”

எல்லோரும் போர்டம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஏழாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்பது மரியாதை என்று தோன்றியது, முழங்கால் சம்மதிக்கவில்லை.

“நான் கடக்கலைங்க” என்றார். “நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.”

“இப்ப உக்காந்திருக்கீங்கம்மா, அது தெரியுது” என்றார் டைல்ஸ்காரர்.

“தினமும். ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும். அஞ்சு மாசமா. நடக்கவே இல்ல.”

சர்வேயர் பிளாஸ்டிக் உறையை அதிகாரி பக்கம் நீட்டினார். “கூச்சப்படறா. இதுல எல்லாம் இருக்கு மேடம். சராசரி பத்தாயிரத்து நூத்திப் பன்னிரண்டு.”

“அது கண்டக்டரோட கால்ங்க” என்றார் போர்டம்மா. இவ்வளவு நாளும் பயந்த வாக்கியம் அதுதான். வெளியே வந்தபோது எல்லா வாக்கியங்களையும் போலத்தான் இருந்தது.

மூங்கிலில் மட்டும் பேச்சு நடந்தது.

“அப்ப அந்த நூத்தி இருபது இதயத் துடிப்பு?” என்றார் சர்வேயர்.

“அதுவும்.”

“டாக்டர் இருபத்தஞ்சு வயசுன்னாரே.”

“என்னோடதுதாங்க” என்றார் கண்டக்டரம்மா. வளைவில் வந்து, நிற்க மனமில்லாமல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு எப்பவுமே நல்ல இதயம்.”

சர்வேயர் உறையைப் பார்த்தார். “அஞ்சு மாசமா யாரோ ஒருத்தர் காலுக்கா நான் காபி போட்டேன்?”

“காபி நான்தாங்க குடிச்சேன்” என்றார் போர்டம்மா. சமாதானமாகத்தான் சொன்னார். சர்வேயருக்கு அது சமாதானமாகப் படவில்லை. உறையை மடிக்க முடியாது என்பதால் அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஸ்கூட்டர் நிற்கும் பக்கமாக நடந்தார். ஒரு நாளும் அவர் அந்தப் பூங்காவில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

அதிகாரிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. “தினமும் இதே இடமா? சாட்சி உண்டா?”

“நான் ஒன்பது தடவை பாக்கறேன் மேடம்” என்றார் கண்டக்டரம்மா. “அசையாம இருப்பாங்க. முதல் நாள் மயக்கமோன்னு நினைச்சு மூச்சு வருதான்னு பாத்தேன்.”

“நானும் பாத்திருக்கேன்” என்றார் கேமராக்காரர். டைல்ஸ்காரர் ஏதோ சொல்ல வந்தார். ஆனால் சிறந்த நடையாளர் நடக்கவே இல்லை என்பதைச் சங்கத்தின் தலைவரே எழுத்தில் எழுப்பினால், தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வியும் எழுத்தில் வரும். அதனால் அவர் மூங்கிலை ரசிக்கத் தொடங்கினார். சான்றிதழையும் அவர் பிறகு திருப்பிக் கேட்கவில்லை.

அதிகாரி படிவத்தில் ஓய்விடம் என்ற கட்டத்தில் குறி போட்டார். வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்ற இடம் மட்டும் காலியாக நின்றது. அளந்து நிரப்பி ஒரு வாரத்துக்குள் அனுப்பச் சொல்லி, படிவத்தைப் போர்டம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பூங்காவுக்குக் கிளம்பினார்.

சர்வேயர் நாலு நாள் பேசவில்லை. அவர் கணக்கில் அது ரொம்பக் குறைவு. ஐந்தாம் நாள் காலை ஸ்கூட்டரைப் பூங்கா வாசலில் நிறுத்தினார்; ஆனால் கிளம்பவில்லை. பெட்டியிலிருந்து ஆபீஸ் டேப்பை எடுத்தார்.

“யாரோ கண்டபடி அளந்து அனுப்பிடுவாங்க” என்றார், யாரிடமும் இல்லாமல். “முனையைப் பிடி.”

போர்டம்மா முனையைப் பிடித்தார். டேப்பால் ஒருமுறை; பிறகு அவரை நடக்க விட்டுக் காலடியை எண்ணி ஒருமுறை; நம்பிக்கை இல்லாமல் திரும்பி வரும்போது இன்னொரு முறை. பெஞ்சில் வந்து சர்வேயரும் உட்கார்ந்தார். மூங்கிலுக்குள் ஏதோ பூனை கத்தியது. அவர் திரும்பிப் பார்த்தார். போர்டம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வேயர் படிவத்தில் தூரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

ஐந்து மாத காலம், தினமும் காலையில், அவர் மனைவி வாசலிலிருந்து ஏழாவது பெஞ்சு வரை நூற்றுப் பதினெட்டு காலடி நடந்தார், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், கேட்டதை எழுதினார், நூற்றுப் பதினெட்டு காலடி திரும்பி நடந்தார்.